வாடகைக்கு விட்ட வீட்டைச் சட்டப்படி திரும்ப வாங்குதது எப்படி: திருநெல்வேலிப் பக்கத்து ஓனர்களுக்கு

எங்க பெரியப்பாவுக்கு டவுன்ல ஒரு வளவு உண்டு. வரிசையா அஞ்சு வீடு, நடுவுல ஒரு அடிபைப்பு, எல்லாருக்கும் பொதுவா ஒரு முற்றம். அதுல மூணாவது வீட்டுக்காரர் அஞ்சு மாசமா வாடகை தரலை, கேக்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் அண்ணாச்சி, அடுத்த வாரம்"னே ஓட்டிட்டிருந்தாரு. பெரியப்பா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் காலைல போயி அந்த வீட்டுப் பியூஸ் கட்டையைப் புடுங்கி மடியில கட்டிட்டு வந்துட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே அந்த ஆளு கைக்குழந்தையும் பொண்டாட்டியுமா போலீஸ் ஸ்டேஷன்ல போயி நின்னுட்டாரு. அவ்வளவுதான், அஞ்சு மாசம் வாடகை தராதவரு பாவப்பட்டவரு ஆயிட்டாரு, வீட்டுக்குச் சொந்தக்காரரு பெஞ்சில உக்காந்து "இனிமே செய்ய மாட்டேன்"னு எழுதிக் கொடுத்துட்டு வந்தாரு. பாக்கி வாடகையில பாதியை விட்டுக் கொடுத்து, இன்னும் நாலு மாசம் டைமும் கொடுத்த பிறகுதான் வீடு கைக்கு வந்துச்சு.

நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டையில கீழ் வீட்டுல நாங்க இருக்கோம், மச்சை வாடகைக்கு விட்டிருக்கோம், ஒரு தடவை ஒருத்தரைக் காலி பண்ண வைக்க நோட்டீஸ், வாய்தா, வக்கீல் ஆபீஸ்னு அலைஞ்சிருக்கேன், அதுல நானும் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன், அதைப் பிறகு சொல்லுதேன். புதுசா வீடு கட்டி வாடகைக்கு விடுதவங்க, அப்பா காலமான பிறகு வீடு கைக்கு வந்து என்ன செய்யன்னு தெரியாம முழிக்கிறவங்க, மெட்ராஸ்லயோ துபாய்லயோ இருந்துக்கிட்டு பெருமாள்புரத்துல வீட்டை விட்டிருக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் எழுதுதேன்.

எந்தச் சட்டம் உங்க வீட்டுக்குப் பொருந்தும்னு மொதல்ல பாருங்க

பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போ கிடையாது. இன்னமும் டீக்கடையில "பத்து வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே, எழுப்பவே முடியாது"ன்னு பேசுதாங்கல்லா, அதெல்லாம் அந்தக் காலத்துப் பயம். வாடகைக்கு இருக்கிறவர், வாடகைக்காரராவே எத்தனை வருஷம் இருந்தாலும் ஓனர் ஆக மாட்டாரு. இப்போ இருக்கிறது 2017ல போட்ட தமிழ்நாடு நில உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22.

இது டவுன் பகுதிக்கான சட்டம், அதாவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள்ள. திருநெல்வேலி மாநகராட்சி, அம்பாசமுத்திரம், களக்காடு, முக்கூடல், ஏர்வாடி இங்கல்லாம் வீடு இருந்தா இந்தச் சட்டம். கிராமப் பஞ்சாயத்துல வீடு இருந்தா 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துட்டு, காலி பண்ணலைன்னா சிவில் கோர்ட்ல கேஸ் போடணும். டவுனை ஒட்டி புதுசு புதுசா நகர் முளைக்குதுல்லா, அதுல பல இடம் பஞ்சாயத்துல இருக்கும், அட்ரஸ்ல திருநெல்வேலின்னு போட்டிருக்கும். வீட்டு வரி ரசீது எந்த ஆபீஸ்ல இருந்து வருதுன்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.

கோவில் இடம், வக்ஃபு இடம், கவர்மெண்ட் கட்டடம் இதெல்லாம் இந்தச் சட்டத்துக்குள்ள வராது, அதுக்குத் தனி வழி. வேலைக்கு வந்தவருக்கு முதலாளி கொடுத்த குவார்ட்டர்ஸும் அப்படித்தான்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஒத்தி உண்டு. மாசம் வாடகை கிடையாது, மொத்தமா மூணு லட்சமோ அஞ்சு லட்சமோ வாங்கிட்டு வீட்டைக் கொடுத்துருவாங்க. பத்திரத்துல ஒத்தின்னு எழுதிப் பதிஞ்சிருந்தா அது அடமானம் மாதிரி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாத்தான் வீடு. பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழிச்சிட்டு "காலி பண்ணு"ன்னா அவரு எங்க போவாரு? ஒத்திக்காரரை எழுப்பணும்னா நோட்டீஸுக்கு முன்னாடி பேங்க்ல பணத்தை ரெடி பண்ணுங்க, வேற குறுக்கு வழி கிடையாது.

குடி வர்ற அன்னைக்கே ஆரம்பிக்கணும்

காலி பண்ண வைக்கிற வேலை, சண்டை வந்த அன்னைக்கு ஆரம்பிக்கிறது இல்லை. சாவியைக் கொடுக்கிற அன்னைக்கே ஆரம்பிக்குது.

2019க்குப் பிறகு வாடகைக்கு விடணும்னா எழுத்துல ஒப்பந்தம் கட்டாயம். சும்மா முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டு பீரோவுல வச்சுக்கிட்டா பத்தாது, அதை வாடகை அதிகாரிகிட்ட பதியணும். வாடகை அதிகாரின்னா துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ரெவின்யூ ஆபீசர். நேர்ல போய் நிக்க வேண்டியதில்லை, டெனன்சி.டிஎன்.கவ்.இன் அப்படிங்கிற அரசாங்க வெப்சைட்ல ஏத்தலாம், பதிஞ்சா ஒரு வாடகைப் பதிவு நம்பர் வரும், டிஆர்என்னு சொல்லுவாங்க. அந்த நம்பர்தான் பிறகு கோர்ட்ல உங்க முதுகெலும்பு. ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க. குடியிருக்கிறவரு வர மாட்டேன்னு இழுத்தா நீங்க மட்டும் தனியா விவரம் கொடுக்கவும் வழி இருக்கு.

"பதினோரு மாசத்துக்குத்தானே எழுதுதோம், எதுக்குப் பதியணும்"னு கேப்பீங்க. பதினோரு மாசக் கணக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு. ஒரு வருஷத்துக்கு மேல போனா 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும்கிறதால வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரிகிட்ட பதியுதது வேற, அது எத்தனை மாச ஒப்பந்தமா இருந்தாலும் உண்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஜெராக்ஸ் கடையில ரெடிமேடா ஒரு பாரம் வச்சிருப்பாங்க, பேரை மட்டும் மாத்திக் கொடுத்துருவாங்க, அதுல போன ஆளோட கதவு நம்பர் அப்படியே கிடக்கும், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.

ஒப்பந்தத்துல கட்டாயம் இருக்க வேண்டியது: வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள, தண்ணிக்கும் கரண்டுக்கும் யாரு கட்டணும், எந்தத் தேதி முடியுது, ரெண்டு பக்கமும் எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு ஒரு வரி. அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான் சட்டம் சொல்லுத அளவு, ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கிட்டா ஒழிய. நம்ம பக்கம் அஞ்சு, பத்துன்னு வாங்கிட்டிருக்காங்க. நிறைய வாங்கினா பாதுகாப்புன்னு நினைக்காங்க, ஆனா காலி பண்ணும்போது அந்த மொத்தத்தையும் எடுத்து வைக்கணும்லா, அப்பத்தான் கண்ணு பிதுங்கும்.

வாடகையைக் கையில வாங்காதீங்க, பேங்க் மூலமா வாங்குங்க. கையில வாங்கினா ரசீது கொடுத்து அடிக்கட்டையில கையெழுத்து வாங்குங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ஒப்பந்தம், ரசீது புக் எல்லாத்தையும் தண்ணிக்குக் கொடுத்துட்டு நின்னாரு, அதனால எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேரு போன்லயாவது போட்டு வையுங்க.

என்ன காரணத்துக்கு எழுப்பலாம்

ஒப்பந்த காலம் ஓடிட்டிருக்கும்போது "எனக்குப் பிடிக்கலை", "பக்கத்து வீட்டுல ரெண்டாயிரம் கூடக் கிடைக்கு", "வீட்டை விக்கப் போறேன்"னு சொல்லி எழுப்ப முடியாது. வீட்டை வித்தாலும் வாங்குதவரு குடியிருக்கிறவரையும் சேர்த்துத்தான் வாங்குதாரு, ஒப்பந்தம் அவரையும் கட்டும். சட்டத்தோட 21வது பிரிவுல காரணங்களைச் சொல்லியிருக்கு, அதுல நம்ம வீடுகளுக்கு வர்றதை மட்டும் சொல்லுதேன்.

வாடகை பாக்கி. இதுதான் முக்காவாசி. ரெண்டு மாச வாடகை பாக்கி விழுந்து, நீங்க எழுத்துல நோட்டீஸ் கொடுத்து, அது அவரு கையில கிடைச்ச ஒரு மாசத்துக்குள்ள முழுசாக் கட்டலைன்னா கேஸ் போடலாம். அந்த ஒரு மாசத்துக்குள்ள கட்டிட்டாருன்னா இந்தத் தடவை தப்பிச்சாரு. ஆனா அதே சலுகையை ஒருக்கா அனுபவிச்சவரு பிறகும் ஒரு வருஷத்துல தொடர்ச்சியா ரெண்டு மாசம் பாக்கி வச்சா மறுபடியும் அந்தச் சலுகை கிடையாது. இங்கன ஒரு தந்திரம் நடக்கும், கவனமா இருங்க: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க அண்ணாச்சி"ம்பாங்க. நீங்களும் பேசாம இருந்துட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். சம்மதம் இல்லைன்னா அன்னைக்கே வாட்ஸ்அப்லயாவது "இல்லை, அட்வான்ஸ் காலி பண்ணும்போதுதான், வாடகையை அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டு வையுங்க.

உள்வாடகை. உங்களைக் கேக்காம வீட்டையோ பாதியையோ வேற ஆளுக்கு விட்டுட்டாருன்னா. ஒப்பந்தம் மாமா பேர்ல இருக்கும், போயிப் பாத்தா மச்சினனும் அவன் கூட்டாளிங்க ஆறு பேரும் பாய் விரிச்சுக் கிடப்பாங்க. ஆனா ஊர்ல இருந்து அம்மா வந்து ரெண்டு மாசம் தங்கினா அது உள்வாடகை இல்லை, அதைப் போயிக் கேஸ்ல எழுதி அசிங்கப்படாதீங்க.

தப்பா உபயோகிக்கிறது. குடியிருக்கன்னு வாங்கிட்டு குடோன் ஆக்குறது, விடாத இடத்தையும் சேர்த்துப் புடிச்சுக்கிறது, சட்டவிரோதமான சோலி. நிறுத்தச் சொல்லி மொதல்ல நோட்டீஸ் கொடுக்கணும், அதுக்குப் பிறகும் நிறுத்தலைன்னாத்தான் காரணம் ஆகும்.

வீட்டைப் பிரிச்சுக் கட்டணும், ஆளு இருக்கும்போது வேலை பாக்க முடியாத அளவுக்கு மராமத்துன்னா அதுவும் காரணம். டவுன்ல தட்டோடு போட்ட பழைய வீடுகள்ல இது நிஜமாவே வரும். இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது, பிளான் அப்ரூவல் இதெல்லாம் கையில இருக்கணும். சுண்ணாம்பு அடிக்கணும்னு சொல்லி எழுப்ப முடியாது.

சொந்த உபயோகம். மகன் கல்யாணமாகி வாறான், வயசான அப்பாவால படியேற முடியலை, கீழ் வீடு வேணும், இப்படி நிஜமான தேவை. டிரான்ஸ்பர் ஆர்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைன்னு எது இருக்கோ அதை எடுத்து வையுங்க. உங்களுக்கு அதே தெருவுல இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தா எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கிற மொதக் கேள்வி அதாத்தான் இருக்கும்.

ஒப்பந்தமே எழுதலைங்கிறதும் ஒரு காரணமா சட்டத்துல இருக்கு, 2019க்கு முன்னாடியே வாய்ப்பேச்சுல குடி வந்தவங்களுக்காக வச்சது. இதைப் பிடிச்சுக்கிட்டு நிறையப் பேரு கேஸ் போடுதாங்க. என் அபிப்பிராயம், மொதல்ல நீங்க ஒரு ஒப்பந்தத்தை எழுதி அவருக்கு அனுப்பி "கையெழுத்துப் போட வாங்க"ன்னு கூப்பிட்டதுக்கு அத்தாட்சி வச்சுக்கோங்க. நீங்களே எழுதாம இருந்துட்டு "எழுதலை, அதனால காலி பண்ணு"ன்னு நின்னா பாக்கவே நல்லா இருக்காது.

பேசிப் பாருங்க, ஆனா எழுதியும் வையுங்க

நோட்டீஸுக்கு முன்னாடி ஒருக்கா உக்காந்து பேசுங்க. நம்ம ஊர்ல பாதிப் பிரச்சினை தேதியிலதான் இருக்கு. ஆடி மாசம் வீடு மாற மாட்டாங்க, மார்கழியில மாற மாட்டாங்க, பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியாம மாற மாட்டாங்க. நீங்க ஜூலை கடைசியில காலி பண்ணுன்னு நின்னா நல்ல மனுஷனும் முரண்டு பிடிப்பாரு. "மே மாசம் பரீட்சை லீவுல மாறிக்கோங்க, கடைசி மாச வாடகை வேண்டாம், வண்டிக்கு நான் தாறேன்"னு சொல்லிப் பாருங்க. கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் ஆகிற செலவைக் கணக்குப் பாத்தா ஒரு மாச வாடகை ஒண்ணுமே இல்லை.

பேசி முடிஞ்சா அன்னைக்கே ஒரு பேப்பர்ல "இன்ன தேதிக்குள்ள காலி செஞ்சு ஒப்படைக்கிறேன்"னு எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. அந்த நேரத்துல கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும், "ஏன் அண்ணாச்சி, என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேப்பாங்க. "நம்பிக்கை உண்டு, வீட்டுக்காரி கேக்கா"ன்னு சொல்லிருங்க, நான் அப்படித்தான் சொன்னேன்.

நோட்டீஸ்

பேச்சு நடக்கலைன்னா நோட்டீஸ். மாச வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 106வது பிரிவுப்படி குறைஞ்சது 15 நாள் டைம் கொடுக்கணும், ஒப்பந்தத்துல ஒரு மாசம், ரெண்டு மாசம்னு எழுதியிருந்தா அதைத்தான் கொடுக்கணும். வாடகை பாக்கின்னா நான் மேல சொன்ன மாதிரி அவரு கட்ட ஒரு மாசம். வக்கீல் மூலமா அனுப்புங்க, வார்த்தைக்கு அர்த்தம் உண்டு இங்க. ஆனா என்ன போகுதுன்னு உங்களுக்கும் தெரியணும்லா, பாக்கி நோட்டீஸ் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"மேற்படி முகவரியில் உள்ள மாடி வீட்டில் தாங்கள் மாதம் ரூ.7,500 வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதங்களுக்கான வாடகை ரூ.15,000 இன்று வரை செலுத்தப்படவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள் மேற்படி தொகையை முழுமையாகச் செலுத்த வேண்டும். தவறினால் தங்கள் வாடகை உரிமை முடிவுக்கு வந்ததாகக் கொண்டு, வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கக் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்படும்."

இதுல கதவு நம்பர், தெரு, வாடகைத் தொகை, எந்த மாசம் எவ்வளவு பாக்கின்னு ஒரு எழுத்துக்கூடத் தப்பு இருக்கக்கூடாது. தெருவுக்குப் பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு இருந்தா ரெண்டையும் போடுங்க. கோவத்துல ஏச்சுப் பேச்சு எதையும் எழுத வேண்டாம். கையெழுத்து இருக்கணும். வீடு உங்க பேர்லயும் உங்க தம்பி பேர்லயும் இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்புங்க, பிறகு பாகப்பிரிவினைச் சண்டையை இழுத்து இதுல போட்டுற மாட்டாங்க. வெளிநாட்டுல இருந்தா ஒருத்தருக்கு பவர் எழுதிக் கொடுத்துட்டுத்தான் இறங்கணும்.

தபால்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்புங்க. வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினாருன்னா மனசு உடைய வேண்டாம், சரியான அட்ரஸுக்குப் போயி "வாங்க மறுத்தார்"னு தபால்காரர் எழுதி வந்தா கொடுத்ததாத்தான் கோர்ட் எடுத்துக்கும். அந்தக் கவரைப் பிரிக்காதீங்க! பிரிக்காம அப்படியே வக்கீல்கிட்டக் கொடுங்க, எங்க அத்தான் ஒருத்தரு "உள்ள என்ன இருக்கு"ன்னு தன்னோட நோட்டீஸைத் தானே பிரிச்சுப் பாத்தாரு, என்னத்தைச் சொல்ல.

நான் பண்ணின முட்டாள்தனம்

நோட்டீஸ் போயிட்டு. பதினஞ்சு நாளும் முடிஞ்சிட்டு. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி காலைல பல்லு விளக்கிட்டிருக்கேன், போன் டிங்குன்னு அடிக்கு, பாத்தா ஜிபேல 7,500 வந்து விழுந்திருக்கு, கீழ "ரென்ட்"னு ஒரு சொல்லு. சரி, காசு வந்துச்சேன்னு சந்தோஷமா இருந்துட்டேன், நன்றின்னு கை கூப்புத பொம்மை வேற அனுப்பி வச்சேன். அடுத்த மாசமும் அப்படியே.

வக்கீல்கிட்டப் போனா தலையில கை வச்சுட்டாரு. நோட்டீஸ் காலம் முடிஞ்ச பிறகு வர்ற மாசத்துக்கு வாடகைன்னு சொல்லி வாங்கிக்கிட்டா, நோட்டீஸை நீங்களே வாபஸ் வாங்கிட்டு வாடகையைத் தொடர்ந்த மாதிரி அர்த்தம் ஆயிருமாம். சொத்து மாற்றுச் சட்டம் 113வது பிரிவுலயே உதாரணத்தோட எழுதியிருக்கு, 1882ல எழுதினவங்களுக்கு ஜிபே தெரியாது, ஆனா என்னைத் தெரிஞ்சிருக்கு. கடைசியில புது நோட்டீஸ், மறுபடியும் பதினஞ்சு நாள்.

அதனால நோட்டீஸ் முடிஞ்ச பிறகு பணம் வந்தா அன்னைக்கே எழுத்துல சொல்லிருங்க: "இது வாடகையா ஏத்துக்கலை, வீட்டை அனுபவிச்சதுக்கான நஷ்ட ஈடா மட்டும், நோட்டீஸுக்குப் பாதகம் இல்லாம வரவு வைக்கிறேன்". நோட்டீஸுக்கு முந்தின மாசத்துப் பாக்கியை வாங்கிறதுல இந்தப் பிரச்சினை இல்லை. அந்தக் கை கூப்புத பொம்மையை மட்டும் அனுப்பாதீங்க.

எதைச் செய்யவே கூடாது

தண்ணி, கரண்டை நிறுத்துறது. சட்டத்துல 20வது பிரிவு இதுக்குன்னே இருக்கு, குடியிருக்கிறவரு வாடகை அதிகாரிகிட்ட மனு போட்டா திருப்பிக் கொடுக்கச் சொல்லி உடனே உத்தரவு வரும், அபராதமும் உண்டு. மோட்டார் சுவிட்சை அணைச்சு வைக்கிறதும் இதேதான், "மோட்டார் ரிப்பேரு"ன்னு பத்து நாளு ஓட்டினாலும் யாரும் நம்ப மாட்டாங்க.

பூட்டு மாத்துறது. அவரு ஊருக்குப் போன நேரம் பாத்துப் புதுப் பூட்டு போட்டுட்டா ஜெயிச்சாச்சுன்னு நினைக்காங்க. 1963ல வந்த ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்துல 6வது பிரிவு உண்டு, சட்டப்படி இல்லாம வெளியேத்தப்பட்டவரு ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு வீட்டுக்குள்ள திரும்ப வரலாம், அந்தக் கேஸ்ல யாருக்கு வீடு சொந்தம்ங்கிற கேள்விக்கே இடமில்லை. உங்க வீட்டுக்குள்ள அவரை நீங்களே திரும்ப உக்கார வச்சு வேடிக்கை பாக்கணும்.

சொல்லாம உள்ள போறது. பாக்கணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டுப் போங்க. சாமான்களைத் தூக்கி வெளிய வைக்கிறது, ஆளு விட்டு மிரட்டுறது இதெல்லாம் கிரிமினல் கேஸ் ஆயிரும், பிறகு வாடகைக் கேஸ்ல நீங்க ஓனரா நிக்க மாட்டீங்க, குற்றம் சாட்டப்பட்டவரா நிப்பீங்க. போலீஸும் வீட்டைக் காலி பண்ணித் தர மாட்டாங்க, அது அவங்க வேலையே இல்லை, தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் இருக்காருன்னு யாராவது சொன்னா "சரி"ன்னு கேட்டுக்கிட்டுப் பேசாம வந்துருங்க.

கோர்ட்டு

நோட்டீஸ் காலம் முடிஞ்சும் நகரலைன்னா வாடகை நீதிமன்றத்துல மனு. சாதாரண சிவில் கோர்ட்ல இந்த வழக்கைக் கொண்டு போக முடியாது, இந்தச் சட்டத்துக்குள்ள வர்றதுக்கு வாடகை நீதிமன்றம்தான், அதுக்கு மேல அப்பீல் வாடகைத் தீர்ப்பாயத்துல. ஒரு கேஸை ரெண்டு ஆபீஸுல தேடாதீங்க: ஒப்பந்தப் பதிவு, வாடகையை வாங்க மறுக்கிறது, தண்ணி கரண்டு தகராறு இதெல்லாம் ரெவின்யூ பக்கத்து வாடகை அதிகாரி. காலி பண்ணச் சொல்லுத உத்தரவு கோர்ட்ல. நான் மொதல்ல கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல போயி வரிசையில நின்னு, அங்க இருந்த ஒரு அம்மா "இது கோர்ட்டுக்குல்லா போகணும்"னு சொல்லித்தான் திரும்பினேன். தென்காசிப் பக்கம் வீடு இருந்தா உங்களுக்கு 2019 நவம்பர்லயே தனி மாவட்டம் ஆயிட்டு, அங்கதான் விசாரிக்கணும்.

வக்கீலைப் பாக்கப் போகும்போது வீட்டுப் பத்திரம், வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், டிஆர்என் நம்பர், வாடகை வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், நோட்டீஸ் நகல், தபால் அத்தாட்சி, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஒரு பைல்ல தேதி வரிசையில கொண்டு போங்க. பாகப்பிரிவினை ஆகாத அப்பா வீடுன்னா வாரிசுச் சான்றிதழும். பீஸை மொதல்லயே முழுசாப் பேசிக்கோங்க, வாய்தாவுக்கு வாய்தா எவ்வளவுன்னும் கேட்டு வையுங்க. வக்கீல் வைக்க வசதியில்லாதவங்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேக்கலாம், பெண்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச உதவி உண்டு, போன் நம்பர் 15100. அங்கயே லோக் அதாலத்லயும், அதாவது மக்கள் நீதிமன்றத்துலயும், பேசி முடிக்கலாம். அதுல முடிஞ்சா கோர்ட் தீர்ப்புக்கு உள்ள பலம் அதுக்கும் உண்டு, அப்பீலும் கிடையாது.

ஒப்பந்த காலம் முடிஞ்சோ, நோட்டீஸாலயோ வாடகை முடிவுக்கு வந்த பிறகும் இருந்துக்கிட்டிருந்தா அந்த நாளுக்கெல்லாம் மாச வாடகையைப் போல ரெண்டு மடங்கு கேக்க 23வது பிரிவுல உரிமை இருக்கு. மனுவுல இதையும் சேர்த்துக் கேளுங்க, நிறையப் பேரு வீடு கிடைச்சாப் போதும்னு விட்டுருதாங்க. இந்த ரெட்டை வாடகை பேச்சுவார்த்தைக்கும் நல்ல ஆயுதம், எங்க கேஸ்ல மீட்டர் ஓட ஆரம்பிச்சிட்டுன்னு அவருக்குப் புரிஞ்ச பிறகுதான் வீடு பாக்கவே ஆரம்பிச்சாரு.

உத்தரவு வந்த பிறகும் நீங்களா போயி உள்ள ஏறக்கூடாது. நிறைவேத்தச் சொல்லி அதே கோர்ட்ல மனுப் போடணும், கோர்ட் தன்னோட உத்தரவை நிறைவேத்துத ஊழியரை, அதாவது அமீனாவை, அனுப்பும், அவரு வந்துதான் வீட்டை எடுத்து உங்க கையில கொடுப்பாரு. தகராறு வரும்னு தோணுச்சுன்னா போலீஸ் பாதுகாப்பும் கோர்ட் மூலமாவே கேக்கணும். பூட்டை உடைக்க ஆளு, சாமானைப் பட்டியல் எடுக்கப் பேப்பரு, ரெண்டு சாட்சி, இதெல்லாம் அன்னைக்கு நீங்க ஏற்பாடு பண்ணி வைக்கணும்.

சாவி வாங்குத அன்னைக்கு

பெரும்பாலும் அமீனா வரைக்கும் போகாது, நடுவுலயே அவரு ஒரு நாள் "ஞாயித்துக்கிழமை காலி பண்ணுதோம்"ம்பாரு. அன்னைக்கு நேர்ல போங்க. ஒவ்வொரு ரூமா, அடுக்களை, குளியலறை, பின்வாசல்னு வீடியோ எடுங்க. கரண்ட் மீட்டர்ல ரீடிங்கைப் போட்டோ எடுத்து அன்னைக்குத் தேதி வரைக்கும் பில்லைக் கணக்குப் போட்டு வாங்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு வர்ற பில்லு உங்க தலையிலதான் விழும். "இன்ன தேதியில வீட்டைக் காலி செஞ்சு சாவியை ஒப்படைத்தேன், எனக்கு இந்த வீட்டுல எந்த உரிமையும் பாக்கி இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அந்தக் கடிதம் இல்லாம சாவியை மட்டும் வாங்காதீங்க. கேஸ் நடந்துட்டிருந்தா வக்கீல் மூலமா கோர்ட்லயும் சொல்லி முடிச்சிருங்க.

அட்வான்ஸை, பாக்கியையும் நிஜமாவே உடைஞ்சதையும் கழிச்சுக்கிட்டு ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். ஆணி அடிச்ச ஓட்டை, சுவத்துல பிள்ளை கிறுக்கினது இதுக்கெல்லாம் ஆறாயிரம் ஏழாயிரம்னு பிடிக்காதீங்க, எதுக்கு எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க. என் மச்சுல இருந்தவரு கிளம்பும்போது நான் பெயிண்டுக்குன்னு ரெண்டாயிரம் பிடிச்சேன், அவரு ஒண்ணும் சொல்லலை, லாரியில ஏறும்போது மொட்டைமாடியில வச்சிருந்த கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் "இதை நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி, அங்க வெயில் கிடையாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்பவும் ரசத்துக்கு அதுலதான் பறிக்கோம்.